பணம் திரும்பும்; உயிர் திரும்புமா?

"அத்தா, நம் ஊர்க் கடையில் இல்லாத நிறமெல்லாம் இதில் இருக்கின்றன!" என்று கைப்பேசியை நீட்டினான் என் இளைய மகன். ஸ்ரீவில்லிபுத்தூரிலும், சுமார் 11 கி.மீ. தொலைவிலுள்ள இராஜபாளையத்திலும் வண்ணமீன் கடைகள் உண்டு. ஆயினும் அவன் ஆசைக்கு இணங்கி, இணையம் வழியே ஆறு மீன்களைத் தருவித்தோம்.

இரண்டாம் நாள் மாலை பெட்டி வந்தது. நான்கு மீன்கள் நீந்தின. இரண்டு இறந்து மிதந்தன. பெட்டியைத் திறப்பதை இடைவிடாது படம்பிடித்து அனுப்பினால் பணம் திரும்பும் என்பது விற்பவரின் நிபந்தனை. அனுப்பினோம், பணம் வந்தது. "மீன் திரும்பி வருமா, அத்தா?" என்று மகன் கேட்டான். என்னிடம் விடையில்லை.

பயணத்தில் நடப்பது என்ன?

மீன்களை ஒரு நாள் பட்டினியிட்டு, பாலித்தீன் பையில் சிறிது நீரும் மிகுதியாக ஆக்சிஜனும் நிரப்பி, தெர்மோகோல் பெட்டியில் அடைத்து அனுப்புகின்றனர். செவுள் வழியே வெளியேறும் அம்மோனியா அந்நீரிலேயே சேர்கிறது. மீன் விடும் கரியமில வாயு நீரைச் சற்று அமிலமாக்குவதால் அதன் நஞ்சு மட்டுப்பட்டிருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, நஞ்சு வீறு கொள்கிறது. ஆகவே மூடிய பையை 15 அல்லது 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பின்னர் திறந்து, தாமதியாமல் மீனை மட்டும் மாற்ற வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

கடையில் காணும் நன்மை

உள்ளூர்க் கடை மீன்களிலும் பல, சென்னைக் கொளத்தூர் போன்ற சந்தைகளிலிருந்து வருபவையே. எனினும் பயணக் களைப்பு கடைத் தொட்டியிலேயே தீர்ந்து, நம் வட்டார நீருக்கும் அவை பழகியிருக்கும். இரை போடச் சொல்லி, உண்கிறதா என்று பாருங்கள். உடலில் வெண்புள்ளி இருந்தாலோ, அதே தொட்டியில் இறந்த மீன் கிடந்தாலோ வாங்காதீர்கள். நேற்று வந்த சரக்கு என்றால் ஒரு வாரம் பொறுங்கள்.

நீர்நிலையில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விற்பதை, ‘கரர்’ எனும் நிச்சயமற்ற வணிகத்துக்கு உதாரணமாக ஃபிக்ஹு அறிஞர்கள் காட்டுவர். விற்பவர் கைவசமுள்ள தொட்டி மீன் அவ்வகையில் சேராது. ஆயினும் காணாததை வாங்குவோருக்கு அதில் படிப்பினை உண்டு. அரிய இனத்தை இணையத்தில்தான் பெற இயலும் எனில், படத்தில் மயங்காது, அனுப்பவிருக்கும் மீனின் அளவு, வயது, பயண நேரம் ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். கடுங்கோடையில் தருவிக்காதீர்கள்.

எங்கள் குற்றம்

ஒன்றை மறைக்கலாகாது. சென்ற ஆண்டு உள்ளூரில் வாங்கிய தங்கமீன்களும் ஒரே வாரத்தில் இறந்தன. கடைக்காரரைக் குறை கூறினேன். உண்மையில், புதுத் தொட்டியில் அன்றே மீனை விட்ட நாங்களே குற்றவாளிகள். கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குழாய் நீரின் குளோரினையும் முன்னரே அகற்ற வேண்டும்.

ஆதலால் பெற்றோரே, எங்கு வாங்குவது என்பதற்கு முன், தொட்டி ஆயத்தமா என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்கினாலும், அச்சிற்றுயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்பார்கள்.