வழி தெரிந்து பறப்பது

1972 செப்டம்பர் 24ஆம் தேதி காலை, ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் மும்பையின் சாந்தாகுரூஸ் விமான நிலையம் என்று நினைத்துப் பக்கத்து ஜுஹூவில் இறங்கியது. சிறு விமானங்களுக்கான ஓடுதளம் அது. நிற்க இடம் போதாமல் முனையைத் தாண்டி ஓடியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. 1953இல் பி.ஓ.ஏ.சி.யின் காமெட் விமானமும் இதே ஜுஹூவில் இப்படித்தான் தவறி இறங்கியிருந்தது. வானொலியும் தேர்ந்த குழுவும் இருந்த விமானங்களுக்கே இந்த நிலை என்றால், ஆசைக்காகத் தனியாக ஊர்விட்டு ஊர் பறந்தவர்கள் எதை நம்பிப் போனார்கள்?

தரையை நம்பித்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக ஜுஹூவுக்குத் தபால் கொண்டுவந்தபோது அவருடைய புஸ் மாத் விமானத்தில் வானொலி கிடையாது. கீழேயிருந்து வழி சொல்லவும் ஆளில்லை. ஜுஹூவிலிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி அதே தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். அந்தக் காலத்து விமானிகளுக்குக் கடற்கரையும் ஆறும் தண்டவாளமும்தான் வழிகாட்டி. அவை கண்ணுக்குத் தெரியாதபோது திசைகாட்டியையும் கைக்கடிகாரத்தையும் வைத்து, இத்தனை நேரத்தில் இவ்வளவு தூரம் வந்திருப்போம், காற்று இவ்வளவு ஒதுக்கியிருக்கும் என்று கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்கு நெடுநாள் நீடித்தது. மும்பைத் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா லண்டனிலிருந்து டெல்லிக்கு மைக்ரோலைட்டில் தனியாகப் பறந்தது 1988இல். பொதுமக்களுக்கான முதல் கையடக்க ஜிபிஎஸ், மெகல்லன் நிறுவனத்துடையது, சந்தைக்கு வந்ததே அடுத்த ஆண்டுதான். வந்த பிறகும் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே சிக்னலைக் கலக்கிவைத்திருந்ததால் நூறு மீட்டர் வரை பிசகும். 2000 மே மாதம் அப்படிக் கலக்குவதை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து சட்டைப்பையில் அடங்கும் கருவியே சில மீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லத் தொடங்கியது.

மும்பையின் செம்பூரிலிருந்து பாராகிளைடர் பறக்கப் போகும் எங்களுக்குத் தலைக்கு மேல் இருக்கும் வானம் எங்களுடையதல்ல. ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம். பாராகிளைடரை முதுகில் சுமந்து லோனாவாலா போய், அங்கே புனே லோக்கல் பிடித்துக் காம்ஷேட்டில் இறங்க வேண்டும். ஷேலார், டவர் ஹில் என்ற இரண்டு குன்றுகள், பக்கத்தில் பவனா அணை ஏரி. ஜிபிஎஸ் பழகும் பெரும்பாலான மும்பைப் பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

முதல் பாடம் எண்களில் இருக்கிறது. இறங்கும் வயலின் அட்சரேகையை ஒருவர் 18 டிகிரி 45.6 நிமிடம் என்று எழுதித் தருகிறார். கருவியோ தசம டிகிரிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 18.456 என்று அடித்துவிட்டால் வயல் 34 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். சரியான எண் 18.76. பழைய சர்வே வரைபடத்திலிருந்து எடுத்தால் இன்னொரு சிக்கல். அவை எவரெஸ்ட் அளவை முறையில் வரைந்தவை, ஜிபிஎஸ் வேறு முறையில் கணக்கிடுவது; புள்ளி இடம் நகர்ந்துவிடும். 2005இல் வந்த வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று புது முறையில் தனி வரைபடங்கள் வந்தன. அதற்கு முன் கடலோரப் பகுதியின் விரிவான தாள்களை வாங்குவதே பெரும்பாடு.

ஆனால் எண்ணைவிடப் பெரிய பாடம் காற்று. கருவியில் அம்புக்குறி இருக்கும், எத்தனை கிலோமீட்டர் என்று இருக்கும். அதைப் பார்த்ததும் போய்விடலாம் என்று தோன்றும். பாராகிளைடர் காற்றுக்குள் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் போகும் என்று வையுங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் இறங்கினால், 6 கிலோமீட்டர் தூரத்து வயலுக்குக் காற்றில்லாத நேரத்தில் 10 நிமிடம், 720 மீட்டர் உயரம் போதும். பிற்பகலில் கடற்பக்கமிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வந்தால் தரைமேல் நகர்வது வெறும் 16தான். அதே வயலுக்கு 22 நிமிடத்துக்கு மேல் ஆகும், 1,620 மீட்டர் உயரம் வேண்டும். அம்புக்குறி இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் நிற்கும். நடுவில் இருக்கும் மலைமுகடும் மின்கம்பியும் அதற்குத் தெரியாது. அது காட்டும் உயரமும் கடல்மட்டத்திலிருந்து; உங்கள் காலுக்கும் பாறைக்கும் உள்ள இடைவெளி அல்ல.

அதனால்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் அம்பைப் பார்க்க விடமாட்டார். தரைவேகத்தைப் பார் என்பார். நிதானமாக ஒரு முழு வட்டம் போட்டால், வேகம் மிகக் குறையும் திசையில் காற்றை எதிர்கொள்கிறோம் என்று அர்த்தம். அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, காற்றின் வேகம். புஸ் மாத் காலத்து விமானி மனக்கணக்காகப் போட்டதைக் கருவி உடனே கையில் தருகிறது. என் பார்வையில் ஜிபிஎஸ் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான்.

இன்று செல்போனே வழி காட்டுகிறது, எங்கே தடைசெய்த வான்பகுதி என்று எச்சரிக்கிறது, பறந்த பாதையைப் பதிந்தும் வைக்கிறது. இதையெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் மும்பையின் ஆரோஹி பண்டிட் செய்ததை நான் மிக உயர்வாக வைக்கிறேன். 2019இல் ‘லைட் ஸ்போர்ட்’ வகை இலகுரக விமானத்தில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெண் அவர். 2021 அக்டோபர் 15 அன்று, டாடாவின் பயணத்தை நினைவுகூர்ந்து பூஜிலிருந்து அகமதாபாத் வழியாக ஜுஹூவுக்கு வந்தார். ஜிபிஎஸ்ஸும் தானியங்கி ஓட்டியும் இல்லாமல் வந்தார். கருவியைத் தெரிந்தவர் கருவியில்லாமலும் வரத் தெரிந்திருந்தார்.

காம்ஷேட்டுக்குக் கிளம்பும் செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பிள்ளைகளிடம் என் வேண்டுகோள் இது. முதல் சில பயணங்களில் கருவியைப் பதிவுக்கு மட்டும் ஓடவிட்டு, தண்டவாளத்தையும் நெடுஞ்சாலையையும் ஏரிக்கரையையும் பார்த்துப் பறந்து பழகுங்கள். இறங்கும் வயலில் ஒருமுறை நடந்துபோய் நின்று புள்ளியைக் குறியுங்கள். அந்த எண்ணைக் கீழே நிற்கும் ஒருவரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.