தொழிற்சாலை வரட்டும்... கழிவு எங்கே போகும்?

இந்த மாதச் சுவரிதழில் ஒரு முழு சார்ட்டையே எனக்குக் கொடுத்த அறிவியல் டீச்சருக்கு முதலில் நன்றி.

இப்போ எங்க ஊரில் பால் சொசைட்டிக்குப் போனாலும் ரேஷன் கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். ஏரிக்கு மேற்கே தொழிற்பேட்டை வரப் போகுதாம். பாதிப் பேருக்கு சந்தோஷம், பாதிப் பேருக்கு பயம். எங்க வீட்டிலேயே ரெண்டும் இருக்கு. அண்ணன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு தினமும் விடியற்காலை 4 மணிக்கு கம்பெனி பஸ் பிடிச்சு ஒரகடம் போகுது. இங்கேயே ஆலை வந்தா வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு சைக்கிளில் போகலாம்னு சொல்லுது. ஆயா மட்டும், "கழனிக் கிணத்துத் தண்ணி கெட்டா மல்லாட்டையும் இல்லை, மாடும் இல்லை" என்று சொல்லும். ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான்.

அதனால் "தொழிற்சாலை வேணுமா, வேண்டாமா?" என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு. அதில் உண்டாகும் கழிவு எங்கே போகும்? நம்ம பக்கத்திலேயே ராணிப்பேட்டையில் நடந்ததைப் பார்த்தால் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று புரியும்.

அபாயகரக் கழிவு என்றால் என்ன?

எல்லாக் கழிவும் ஒன்று இல்லை. சாணி எருவாகும். வாழை இலை மக்கும். ஆனால் சில கழிவு தீப்பிடிக்கும், சில கழிவு தோலையும் இரும்பையும் அரிக்கும், சில கழிவு வேறு பொருளோடு சேர்ந்தால் வெடிக்கும், சில கழிவு நஞ்சு. இந்த நான்கு குணத்தில் ஏதாவது ஒன்று இருந்தால் அதை அபாயகரக் கழிவு என்கிறார்கள். ஆலைகளில் மிஞ்சும் அமிலம், கழிவு எண்ணெய், பெயின்ட் சேறு, ஈயம், குரோமியம் போன்ற உலோகம் கலந்த சேறு எல்லாம் இதில் வரும்.

இதில் உலோகம்தான் ரொம்ப மோசம். ஏன்னா உலோகம் மக்கவே மக்காது. நூறு வருஷம் ஆனாலும் குரோமியம் குரோமியமாகத்தான் இருக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகுமே தவிர, இல்லாமல் போகாது.

மஞ்சள் தண்ணீர் வந்த கதை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் தொழிலுக்குப் பேர் போன ஊர்கள். பச்சைத் தோல் அப்படியே விட்டால் அழுகிப் போகும். அதைப் பதப்படுத்தப் பெரும்பாலும் குரோமியம் உப்பு பயன்படுத்துகிறார்கள். அந்த உப்புக்கான ரசாயனம் செய்ய ராணிப்பேட்டையில் ஓர் ஆலை 1970களின் நடுவில் தொடங்கியது. சுமார் 20 ஆண்டு ஓடி 1990களின் நடுவில் மூடப்பட்டது.

அங்கே என்ன வேலை என்றால், குரோமைட் என்ற தாதுவை சோடா உப்போடு சேர்த்து உலையில் வறுப்பார்கள். பிறகு தண்ணீர் விட்டுக் கரைத்து, வேண்டிய குரோமியத்தை எடுத்துக் கொள்வார்கள். மிஞ்சுவது சக்கை. கரும்புச் சக்கையிலும் கொஞ்சம் இனிப்பு ஒட்டியிருப்பது போல இந்தச் சக்கையிலும் குரோமியம் ஒட்டியிருக்கும்.

நாம் இணைதிறன் பற்றிப் படித்திருக்கிறோம் அல்லவா? குரோமியத்துக்கு 3 என்றும் 6 என்றும் இணைதிறன் உண்டு. தோலில் ஏறும் குரோமியம் 3. அது அவ்வளவு சுலபமாகத் தண்ணீரில் கரைந்து ஓடாது, நஞ்சும் குறைவு. சக்கையில் தங்கியது 6. அது தண்ணீரில் நன்றாகக் கரையும், தண்ணீரை மஞ்சளாக்கும். தோலில் பட்டால் புண் வரும். தூளாக மூச்சில் போனால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். நுரையீரல் புற்றுநோயும் வரும்.

இந்தச் சக்கை ஆலை வளாகத்திலேயே திறந்த வெளியில் கொட்டப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது என்கிறார்கள். ஒரு லாரிக்கு 10 டன் என்றால் 15,000 லாரி! தினமும் 10 லாரி அள்ளினாலும் நான்கு வருஷம் ஆகும். மழை பெய்யும்போது குவியலில் ஊறி வரும் தண்ணீர் மஞ்சளாக வந்தது. அது நிலத்தடியில் இறங்கினால் பாலாற்றுப் பக்கம் போகும் என்ற பயம் ஊராருக்கு. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் என்ற வெளிநாட்டு அமைப்பு உலகிலேயே மிக மாசுபட்ட 10 இடங்கள் என்று பட்டியல் போட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஒரு கிராம் என்பது 1000 மில்லிகிராம். 1000ஐ 0.05ஆல் வகுத்தால் 20,000. அதாவது ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லை வரைக்கும் கொண்டு போய்விடும்.

எங்க ஊர் மேல்நிலைத் தொட்டியில் கொள்ளளவு 60,000 லிட்டர் என்று எழுதியிருக்கு. அதற்கு 3 கிராம் போதும். 3 கிராம் என்பது சில சிட்டிகை, அவ்வளவுதான். 15,000 லாரியில் எத்தனை சிட்டிகை இருக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஆலை மூடினாலும் கழிவு மூடாது

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆலை 20 ஆண்டுதான் ஓடியது. அது மூடி 25 ஆண்டு கழித்தும் குவியல் அங்கேயே கிடந்தது. வேலை போச்சு, சம்பளம் போச்சு, கழிவு மட்டும் ஊரோடு தங்கிப் போச்சு.

கழிவு தண்ணீரைக் கெடுப்பது மட்டும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. ராத்திரி நேரம். பக்கத்து ஆலையில் தூங்கிக் கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் சிக்கி இறந்து போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

போபாலும் இப்படித்தான். 1984 டிசம்பரில் நடந்த விஷவாயு விபத்து நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆலைக்குள் மிச்சமிருந்த நச்சுக் கழிவில் சுமார் 337 டன் 2025 ஜனவரியில்தான் வெளியே போனது. 40 ஆண்டு! அதையும் எரிப்பதற்காக பீதம்பூர் என்ற வேறோர் ஊருக்குக் கொண்டு போனபோது அந்த ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஒரு ஊரில் அள்ளினால் இன்னோர் ஊருக்குத்தானே போகணும்?

அப்போ வழியே இல்லையா?

இருக்கு. அபாயகரக் கழிவைப் புதைப்பதற்கென்றே பாதுகாப்பான குழி அமைக்கிறார்கள். சும்மா தோண்டிய பள்ளம் இல்லை. அடியில் இறுக்கிய களிமண், அதன் மேல் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பு, மறுபடியும் ஓர் அடுக்கு அதே மாதிரி. ஊறி வரும் நீரைப் பிடிக்க நடுவில் குழாய்கள். நிரம்பியதும் மேலேயும் மூடி மழை இறங்காமல் செய்வார்கள். சுற்றிலும் கிணறு வெட்டி நிலத்தடி நீரை அடிக்கடி சோதிப்பார்கள். நம் மாநிலத்தில் கும்மிடிப்பூண்டியில் இப்படி ஓர் இடம் இருக்கு. இதற்கெல்லாம் செலவாகும். செலவு செய்யாமல் ஓரமாகக் கொட்டினால் அந்தச் செலவு ஊர்க்காரர்கள் தலையில் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு தோல் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பாதியோ கெட்டுப் போச்சு என்று அதில் சொல்லியிருக்கு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறு கெட்டிருந்த விவரமும் இருக்கு. அந்தத் தீர்ப்பில் இரண்டு விதிகள் சொன்னார்கள். ஒன்று, கெடுத்தவரே சரி செய்யும் செலவை ஏற்க வேண்டும். இரண்டு, கெடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும். நம்ம பக்கத்து ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு இன்று இந்தியா முழுவதுக்கும் சட்டம். பெருமைதானே!

2003இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. அபாயகரக் கழிவு உண்டாக்கும் ஆலை தன் வாசலில் பலகை வைத்து, என்ன கழிவு, எவ்வளவு என்று எழுத வேண்டும். அடுத்த முறை பஸ்ஸில் சிப்காட் வழியாகப் போகும்போது வாசலைப் பாருங்கள்.

2006 அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருவதற்கு முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் உயர் அதிகாரியோ தலைமை தாங்குவார். 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம்.

இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. முதலாவது, இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு கிடையாது. யாருமே போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் அர்த்தம். இரண்டாவது, தொழிற்பேட்டைக்கு மொத்தமாக அனுமதி கிடைத்துவிட்டால், பிறகு அதற்குள் வரும் ஒவ்வோர் ஆலைக்கும் பெரும்பாலும் தனிக் கூட்டம் கிடையாது. அதனால் கேட்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு அணை போட முடியுமா?

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என்ன பொருள் செய்யும் ஆலை? சட்டை தைக்கும் ஆலையும் ரசாயன ஆலையும் ஒன்றில்லை.

2. அதில் அபாயகரக் கழிவு வருமா? மாதம் எத்தனை டன்?

3. விதிப்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் கழிவைச் சேர்த்து வைக்கக் கூடாது. எங்கே அனுப்புவார்கள்?

4. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? ஏரிக்கா, வேறு பக்கமா?

5. ஆலை மூடிவிட்டால் மிஞ்சிய கழிவை யார் அகற்றுவது? அதற்குப் பணம் இப்பவே ஒதுக்குவார்களா?

6. உள்ளூர்க்காரர்களுக்கு எத்தனை வேலை? என்ன படிப்புக்கு?

கடைசிக் கேள்வியையும் கூச்சப்படாமல் கேட்கணும். வேலையும் நமக்கு வேணும், தண்ணீரும் வேணும்.

நம்மால் என்ன முடியும்?

நமக்கு ஓட்டு இல்லை. ஆனால் படிக்கத் தெரியும். பத்திரிகையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் வரும் அறிவிப்பைப் படித்து, படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லலாம். கூட்டம் எந்த நாள், எந்த இடம் என்று வீடு வீடாகச் சொல்லலாம்.

இன்னொரு வேலையும் இருக்கு. ஆலை வருவதற்கு முன்பே நம்ம ஊர்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து வைக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் உண்டு. அறிவியல் மன்றம் சார்பில் ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுத்து நாலு கிணற்றுத் தண்ணீரையாவது அனுப்பலாம். ஏன்னா நாளைக்கு "தண்ணி கெட்டுப் போச்சு" என்று நாம் சொன்னால், "முன்னே நல்லா இருந்ததுக்கு என்ன சாட்சி?" என்று கேட்பார்கள். இன்றைக்கு எடுத்த காகிதம்தான் அன்றைக்குச் சாட்சி. மன்றத்தில் சேர்ந்து இந்த வேலை செய்ய விருப்பம் உள்ளவர்கள் இந்தச் சார்ட்டின் கீழே பென்சிலால் பெயர் எழுதுங்கள்.

முதலில் கேட்போம்! வருமுன் காப்போம்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி