கித்தாரில் வேகம் கூட வேண்டுமா? முதலில் மெதுவாக வாசிக்கப் பழகுங்கள்

கோயில் திருவிழா மேடையிலும் திருமண விருந்திலும் இசைக்குழு வாசிக்கும்போது, கூட்டத்தில் நிற்கும் இளைஞர்களின் கண் பெரும்பாலும் கித்தார் வாசிப்பவரின் இடக்கையில்தான் இருக்கும். பாட்டின் நடுவே வரும் இடையிசையில் அந்த விரல்கள் ஓடும் ஓட்டம் சிலரை மறுவாரமே ஒரு கித்தார் வாங்க வைத்துவிடும். வாங்கிய சில மாதங்களில் அது அலமாரிக்கு மேலே ஏறிவிடுவதும் உண்டு. கேட்டால், "எனக்கு விரல் ஓடவில்லை" என்று பதில் வரும்.

விரல் ஓடாததற்கு விரலின் நீளமோ பிறவித் திறமையோ காரணமாக இருப்பது அபூர்வம். கோளாறு பழகும் முறையில் இருக்கிறது. வேகமாக வாசிக்க ஆசைப்படுபவர் வேகமாகவே பழகுகிறார். கை தப்புகிறது. தப்பிய இடத்தை மறுபடியும் அதே வேகத்தில் வாசிக்கிறார், மறுபடியும் தப்புகிறது. இருபது முறை இப்படிச் செய்தால் இருபது முறை தப்பாக வாசிக்கப் பழகியாயிற்று. சரி எது, தவறு எது என்பது விரலுக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப எது நடக்கிறதோ அதையே அது மனப்பாடம் செய்துகொள்ளும்.

மூன்று காலம்

கர்நாடக இசை படித்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. வாய்ப்பாட்டோ வயலினோ வீணையோ கற்க வரும் பிள்ளைக்குச் சரளி வரிசை முதல் காலத்தில் தொடங்கும். ஒரு தட்டுக்கு ஒரு சுரம். அது பழகிய பிறகு இரண்டாம் காலத்தில் அதே தட்டுக்கு இரண்டு சுரம், மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் போடும் கையின் நடை மாறுவதில்லை. அதற்குள் விழும் சுரங்கள்தான் இரட்டிக்கின்றன. தாளம் நிலையாக இருப்பதால் எந்த இடத்தில் விரல் பின்தங்குகிறது என்பது உடனே காதில் விழுந்துவிடும்.

கித்தாரில் இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் தாளத்துக்கு மெட்ரோனோம் தேவைப்படுகிறது. கைப்பேசியில் இலவசச் செயலியாகவே கிடைக்கிறது. அதை 60 என்று வைத்தால் நொடிக்கு ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால் நொடிக்கு நான்கு சுரம். அதே நான்கு சுரத்தை 120இல் வாசித்தால் நொடிக்கு எட்டு. கேட்பவர்கள் "அடேயப்பா" என்று திரும்பிப் பார்ப்பது ஏறக்குறைய இந்த இடத்தில்தான்.

இதற்கு எளிய பயிற்சி ஒன்று போதும். கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஃபிரெட் என்பார்கள். ஐந்தாவது ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், ஆறாவதில் நடுவிரல், ஏழாவதில் மோதிர விரல், எட்டாவதில் சுண்டு விரல். தடித்த ஆறாவது கம்பியில் தொடங்கி ஒவ்வொரு கம்பியிலும் இந்த நான்கையும் வாசித்து, மெல்லிய முதல் கம்பி வரை வந்து திரும்ப வேண்டும். முதல் ஃபிரெட்டிலிருந்து தொடங்கினால் இடைவெளி அகலமாக இருந்து புதியவரின் கை இழுபடும். அதனால்தான் ஐந்தாவது.

தொடக்கத்தில் 60இல் தட்டுக்கு ஒரு சுரம் போதும். அலுப்பாகத்தான் இருக்கும். தொடர்ந்து நான்கு முறை பிசகில்லாமல் வந்தால் 64 வைக்கலாம். அதிலும் நான்கு முறை வந்தால் 68. கை தப்பினால் பிடிவாதம் பிடிக்காமல் பத்து குறைத்துவிட வேண்டும். அன்று எந்த எண்ணில் நிறுத்தினோம் என்று பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டில் குறித்து வைப்பது நல்லது. 60இலிருந்து 100க்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். கைப்பேசிக் காணொளிகள் ஏழே நாளில் வேகம் என்கின்றன. ஏழு நாளில் வருவது பெரும்பாலும் அந்த ஒரு பாடலின் ஒரு வரி மட்டுமே.

இப்படி ஏறிக்கொண்டே போகும்போது ஓர் எண்ணில் வண்டி நின்றுவிடும். அதற்குக் காரணம் உண்டு. மெதுவாக வாசிக்கும்போது விரலை அரை அங்குலம் தூக்கி இறக்கினாலும் நேரம் இருக்கிறது, சுரம் சரியாகவே விழுகிறது. வேகம் கூடியதும் அந்த அரை அங்குலப் பயணத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே மெதுவாகப் பழகும்போதே வேகத்துக்கு உரிய சிறிய அசைவில் பழக வேண்டும். மெதுவாக வாசிப்பதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் வருடக் கணக்கில் மெட்ரோனோமுடன் உட்கார்ந்தும் பலனில்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

தடை உடைய இன்னொரு வழி, சிறு துண்டுகளாகப் பாய்வது. நான்கு சுரத்தை மட்டும், கையால் முடிந்த வேகத்தில் வாசித்து ஐந்தாவதில் நின்றுவிட வேண்டும். கையைத் தளர்த்தி, மூச்சு விட்டு, மறுபடியும் நான்கு. அது சுத்தமாக வந்த பிறகு எட்டு. நீண்ட ஓட்டத்தில் இறுகிப்போகும் கை, குறுகிய பாய்ச்சலில் இறுகுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

நம் இசை மரபுக்கும் கித்தார் வேகத்துக்கும் உள்ள தொடர்பைக் காதாலேயே அறிய விரும்புபவர்கள் 'சக்தி' குழுவின் பதிவுகளைக் கேட்கலாம். வேகத்துக்குப் பெயர்போன இங்கிலாந்துக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாலின், 1970களில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் அமைத்த குழு அது. கித்தாரும் வயலினும் ஒரே சுரக்கோவையை ஒட்டிக்கொண்டு ஓடும் இடங்களில், ஒரு சுரமும் மங்காமல் தனித்தனியாகக் கேட்கும். வேகம் என்றால் அந்தத் தெளிவும் சேர்ந்ததுதான்.

பிடி தளர வேண்டும்

புதிதாக வாசிப்பவரின் இடக்கையைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். கம்பியை முழு பலத்தோடு அழுத்துகிறார். இறுகிய தசை வேகமாக அசையாது, சீக்கிரம் களைத்தும் போகும்.

எவ்வளவு அழுத்தம் போதும் என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து மீட்டினால் 'டக்' என்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் முதலில் கரகரக்கும், பிறகு சுரம் தெளியும். தெளிந்த அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போடும் பலம் எல்லாம் வீண். விரல் ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தால் அழுத்தம் இன்னும் குறைவாகவே தேவைப்படும். இரண்டு ஃபிரெட்டுக்கும் நடுவில் வைப்பவர் காரணமில்லாமல் கூடுதலாக உழைக்கிறார்.

கட்டை விரலும் கள்ளத்தனம் செய்யும். கழுத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு கிடுக்கிப்பிடி போடும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கணம் கட்டை விரலை எடுத்துப் பார்க்க வேண்டும். வாசிப்பு நின்றுபோனால் பிடி அதிகம் என்று பொருள். சுண்டு விரல், வேலை இல்லாத நேரத்தில் கொடிக்கம்பம் போல் நிமிர்ந்து நிற்கும். கைப்பேசியைச் சாய்த்து வைத்துத் தன் கையைத் தானே படம் எடுத்துப் பார்ப்பவர்கள் இதைக் கண்டு சிரித்துவிடுவார்கள். விரல்கள் கம்பியை விட்டு விலகாமல் அதன் மேலேயே மிதக்க வேண்டும்.

வலக்கையில் பிக்கின் நுனி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு என்று மாறி மாறி அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிப்பவரின் கை, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வெற்றுப் பயணம் திரும்பி வருகிறது. அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். ஈரக் கையை உதறுகிறோமே, அந்தத் தளர்ச்சி. முழங்கை ஆடத் தொடங்கினால் தோள் வரை இறுகும். அரை மில்லிமீட்டர் பிக் வளைந்து கொடுப்பதால் சேர்த்து மீட்டுவதற்கு இதமாக இருக்கும். தனித்தனிச் சுரங்களை ஓட்டுவதற்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள கெட்டியான பிக் உதவும். விலை சில ரிங்கிட்தான்.

இவ்வளவு சரியாக இருந்தும் கை வலிக்கிறது என்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். அண்ணனிடமிருந்து வந்ததும், பழைய பொருள் கடையில் வாங்கியதுமான கித்தார்களில் கம்பி மிக உயரத்தில் நிற்பது வழக்கம். 12ஆவது ஃபிரெட்டின் மேல் ஓர் அளவுகோலை வைத்து, ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மரக் கித்தாரில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் வசதியாக இருக்கும். நான்கைத் தொட்டால் எந்தப் பயிற்சியும் வேகம் தராது. இசைக்கருவிக் கடைகளில் இதைத் தாழ்த்திச் சரிசெய்து தருவார்கள். இந்த நாட்டின் ஈரப்பதத்தில் மரம் உப்பி, நேற்று வரை நன்றாக இருந்த கித்தாரிலும் கம்பி உயர்ந்துவிடுவது உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் பசையே இளகிவிடும். வியர்வை பட்ட கம்பி துருப்பிடித்துச் சொரசொரப்பாகும், அதில் விரல் வழுக்கி ஓடாது. வாசித்து முடித்ததும் ஒரு காய்ந்த துணியால் துடைத்து வைக்க அரை நிமிடம் ஆகுமா?

கார்ட் மாற்றமும் வேகம்தான்

தனியாக ஓட்டிக் காட்டும் வேகத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். மேடையில் உண்மையில் அதிகம் தேவைப்படுவது ஒரு கார்ட்டிலிருந்து இன்னொரு கார்ட்டுக்குத் தாமதமில்லாமல் போகும் வேகம். பாடகர் அடுத்த வரிக்குப் போய்விட்ட பிறகு கித்தார் பழைய கார்ட்டிலேயே தடுமாறினால், அது கடைசி வரிசைக்கும் கேட்கும்.

இங்கே இரகசியம் நகர்த்தாமல் இருப்பது. ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் ஒன்றுதான் மாறுகிறது. ஆனாலும் பலர் மூன்று விரலையும் எடுத்துவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்குகிறார்கள். ஈ மேஜரும் ஏ மைனரும் ஒரே வடிவம்தான், ஒரு கம்பி தள்ளி உட்காருகிறது, அவ்வளவே. எந்த இரண்டு கார்ட்டை எடுத்தாலும் எந்த விரல் நகர வேண்டியதில்லை என்று முதலில் தேடிப் பார்ப்பது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து, இரண்டு கார்ட்டுக்கு இடையில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணலாம். புதியவருக்கு இருபது வருவதே கடினம். நிமிடத்துக்கு 60 என்ற நிலை வந்துவிட்டால் பெரும்பாலான பாடல்களுக்கு அது தாராளம். பாட்டோடு வாசிக்கும்போது இடக்கை தாமதித்தாலும் வலக்கை நிற்கக்கூடாது. இடக்கை ஓடி வந்து சேர்ந்துகொள்ளக் கற்றுக்கொள்ளும்.

உழைக்கும் கைகள்

"என் விரல் இதற்கு ஏற்றதில்லை" என்று நினைப்பவர்கள் இரண்டு பேரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928இல், 18 வயதில், தம் வண்டி வீட்டில் பிடித்த தீயில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப் போனவர். மிச்சமிருந்த இரண்டு விரலைக் கொண்டே தனி வாசிப்புகளை வாசித்து, ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கித்தார் கலைஞரானார். டோனி அயோமி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர். 17 வயதில், அந்த வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் இரண்டு விரல்களின் நுனி துண்டாகிவிட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர், கம்பியை அழுத்தும் வலக்கையிலேயே விபத்து. மனம் உடைந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கொண்டுவந்து போட்டுக் காட்டியது ஜாங்கோவின் இசைத்தட்டு. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மெல்லிய கம்பிகளை மாட்டிக்கொண்டு திரும்ப வாசித்தார். பின்னர் 'பிளாக் சபாத்' குழுவின் கித்தார் அவருடையது.

பகல் முழுவதும் செம்பனைக் குலை வெட்டிவிட்டோ, தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டோ வருபவரின் கை ஏற்கெனவே இறுகி இருக்கும். வந்தவுடன் கித்தாரை எடுத்து வேகப் பயிற்சி செய்வது அந்தக் கைக்குச் செய்யும் அநியாயம். குளித்து, சாப்பிட்டு, கை தளர்ந்த பிறகு முதல் ஐந்து நிமிடம் மெதுவாக எதையாவது வாசிக்கலாம். அதற்கு மேல் பதினைந்து நிமிடம் பயிற்சி போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் அதிகம் தரும். பழகிய அசைவைத் தூக்கத்தில் மூளை பதிய வைத்துக்கொள்கிறது என்பதால், நேற்று வராத இடம் இன்று காலை தானாக வருவதும் உண்டு. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையாக இருந்தால், எலெக்ட்ரிக் கித்தாரை ஒலிபெருக்கியில் இணைக்காமலே இந்தப் பயிற்சி முழுவதையும் செய்யலாம்.

விரல் நுனி எரிவது இயல்பு. சில வாரங்களில் தோல் காய்த்ததும் அடங்கிவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வரும் குத்தல், மரத்துப்போதல், காலையில் விரல் மடங்காமை ஆகியவை வேறு வகை. அவற்றைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கக்கூடாது. அன்றே நிறுத்திவிட்டுச் சில நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் திரும்ப வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படிப் போகும்போது செய்யும் வேலையோடு கித்தார் வாசிப்பதையும், எந்தக் கையால் கம்பியை அழுத்துகிறார் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். வேலையை மட்டும் சொன்னால் வலிக்கான காரணத்தில் பாதி மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடும்.