அடுப்பை எண்ணி இலை போடும் கணக்கு: கப்பல் மருத்துவமனையின் நோயாளித் தேர்வு நாள் எப்படி இயங்குகிறது?

கல்யாணச் சமையல் பேச வருகிற சமையல்காரர் முதலில் மூன்று கேள்விகள் கேட்பார். எத்தனை இலை? எத்தனை அடுப்பு? முகூர்த்தம் எத்தனை மணிக்கு? இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் சாம்பாரா, மோர்க்குழம்பா என்ற பேச்சே வரும். மெர்சி ஷிப்ஸ் என்கிற கிறிஸ்தவ மருத்துவத் தொண்டு நிறுவனம் ஆப்பிரிக்கத் துறைமுக நகரங்களில் நடத்தும் நோயாளித் தேர்வு நாளும் இந்த மூன்று கேள்விகளில்தான் ஓடுகிறது. அங்கே தொண்டராகப் போகிறவர் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் தன் வேலை என்ன என்பதும் புரிந்துவிடும்.

முதலில் அடுப்பு. டான் ஸ்டீபன்ஸ், டெயான் ஸ்டீபன்ஸ் தம்பதி 1978-இல் தொடங்கிய நிறுவனம் இது. இதன் புதிய கப்பலான குளோபல் மெர்சி, சீனாவின் தியான்ஜினில் கட்டப்பட்டு 2022-இல் செனகலின் டாக்கருக்குச் சென்றது. 2023-இல் சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனுக்கு வந்தது. ஆறு அறுவை அரங்குகள், 199 படுக்கைகள். சிகிச்சை இலவசம். மருத்துவர், செவிலியர், சமையற்கட்டில் நிற்பவர் எனப் பெரும்பாலோரும் தொண்டர்கள். தங்கும் செலவையும் பலர் தாங்களே கட்டுகிறார்கள். ஒரு துறைமுகத்தில் கப்பல் ஏறக்குறைய பத்து மாதம் நிற்கும். அதுதான் முகூர்த்த நேரம், தள்ளிப்போட முடியாது.

இலையோ எண்ணி முடியாதது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2015-இல் கணக்கிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இருக்கிற சட்டிக்கும் வருகிற கூட்டத்துக்கும் நடுவே நிற்கும் நாள்தான் தேர்வு நாள்.

முதல் படி: பட்டியலை முன்கூட்டியே சொல்வது

இந்தக் கப்பலில் எல்லா நோய்க்கும் மருத்துவம் கிடையாது. முகத்திலும் தாடையிலும் வளரும் கட்டிகள், உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, வளைந்த கால்கள், தீப்புண் ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டு மடங்கிப்போன கை கழுத்து, குடலிறக்கம், கண்புரை போன்றவையே பட்டியல். கப்பல் வருவதற்கு முன்பே இந்தக் குறைகளின் படங்களைப் போட்ட சுவரொட்டிகள் ஊர் ஊராகப் போகும், வானொலியிலும் சொல்வார்கள். எழுத்து படிக்காதவரும் படத்தைப் பார்த்து, "என் தம்பிக்கும் இப்படித்தானே!" என்று அடையாளம் காண வேண்டும். இந்த வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, வாசலில் ஏமாற்றம் அவ்வளவு குறையும்.

இரண்டாம் படி: வாசல்

பந்தி மண்டபத்தில் கதவைத் திறந்ததும் தள்ளுமுள்ளு வந்தால் சமையல் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இங்கே அது உயிர்ப் பிரச்சினை. 2011 மார்ச்சில் ஃப்ரீடவுன் தேசிய விளையாட்டரங்கில் இதே நிறுவனம் நடத்திய தேர்வு நாளில் கூட்டம் வாயிலை முட்டித் தள்ளியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் பெருங்கூட்டத்தை ஒரே இடத்தில் கூட்டுவது குறைந்து, தேர்வுக் குழுவினர் உள்நாட்டு ஊர்களுக்கே போய்ப் பார்ப்பது கூடியது.

வாசலில் மருத்துவம் படிக்காத தொண்டருக்குத்தான் வேலை அதிகம். வரிசையை நேராக வைப்பது, தண்ணீர் கொடுப்பது, கைக்குழந்தைக்காரரை நிழலுக்கு நகர்த்துவது, இடம் பறிபோகாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது. பக்கத்தில் உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஃப்ரீடவுனில் கிரியோ பொதுமொழி என்றாலும், உள்நாட்டிலிருந்து வரும் பாட்டிக்கு மெண்டேயோ டெம்னேயோதான் வாய்க்கு வரும்.

வரிசையின் முகப்பில் அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் நிற்பார். சில நிமிடங்களில் அவர் செய்வதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தாடைக்குக் கீழே வீக்கத்தோடு ஒருவர் வருகிறார். "எத்தனை வருஷமா இருக்கு?" என்பது முதல் கேள்வி. கை வீக்கத்தின் விளிம்பைத் தேடுகிறது. தோலுக்கு அடியில் நகருகிறதா, எலும்போடு ஒட்டி அசையாமல் இருக்கிறதா? மேலே புண் உண்டா? வாயைத் திறக்கச் சொல்லி, விரல் நுழைகிற அளவுக்காவது திறக்கிறதா என்று பார்க்கிறார். பல வருடமாக மெல்ல வளர்ந்தது என்றால் அமெலோபிளாஸ்டோமா போன்ற, பரவாத தாடைக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். சில மாதங்களில் மளமளவென்று வளர்ந்து, புண்ணாகி, கழுத்தில் நெறியும் கட்டியிருந்தால் புற்றுநோய் என்ற சந்தேகம் எழும். முடிவு சொல்லும் இடம் இது இல்லை. அடுத்த மேசைக்கு அனுப்பலாமா என்பது மட்டுமே இங்கே தீர்மானமாகிறது.

மூன்றாம் படி: நறுக்கி வைப்பது

உள்ளே வந்தவருக்குப் பெயர்ப்பதிவு, புகைப்படம், பழைய நோய் விவரம், ரத்த அழுத்தம், எடை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு. அடுப்பு மூட்டுவதற்கு முன் காய் நறுக்கித் தட்டில் வைப்பது போலத்தான் இது. அறுவை நிபுணர் தாளைக் கையில் எடுக்கும்போது எதையும் தேடி ஓடக் கூடாது.

இந்த எண்கள்தான் சிலரை "இப்போது இல்லை, பிறகு" என்ற வரிசைக்குக் கொண்டுபோகின்றன. ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தேறிய பிறகு வரச் சொல்வார்கள். அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்குப் பால் உறிஞ்ச வராது. எடை ஏறாமல் எலும்பும் தோலுமாக வரும். அதை உடனே மயக்க மருந்துக்கு உட்படுத்த முடியாது. அத்தகைய குழந்தைகளை ஊட்டச்சத்துத் திட்டத்தில் சேர்த்து, தாய்க்குப் புகட்டும் முறை சொல்லிக்கொடுத்து, எடை கூடிய பிறகே அறுவை செய்கிறார்கள்.

நான்காம் படி: பதம் பார்ப்பது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அந்தப் பழமொழி இங்கே செல்லாது. ஒவ்வொரு சோற்றையும் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். நிபுணர் மனதில் ஓடும் கேள்வி, "இதை என்னால் அறுக்க முடியுமா?" என்பதோடு நிற்பதில்லை. கப்பல் போன பிறகு இவருக்கு என்ன ஆகும்?

பெரிய தைராய்டு வீக்கத்தை எடுத்துக்கொள்வோம். சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும். மாத்திரை ஒழுங்காகக் கிடைக்காத கிராமத்துக்குத் திரும்புகிறவருக்கு அந்த அறுவையே புது நோயாகிவிடும். புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். அது இந்த அடுப்பில் வேகாது. சந்தேகம் இருந்தால் ஊசியால் குத்தித் திசு எடுப்பார்கள், கப்பலில் சிடி ஸ்கேனும் எடுப்பார்கள். ரத்தம் தேவைப்படும் அறுவைகளுக்குக் கப்பல் ஊழியர்களே ரத்தம் கொடுக்கிறார்கள். தச்சரும் கணக்கரும் நடமாடும் ரத்த வங்கிதான்.

ஐந்தாம் படி: எது முதலில் அடுப்பேறும்?

வெளியாள் கண்ணுக்குப் படாத, ஆனால் மிகவும் சாமர்த்தியமான கட்டம் இது. பருப்பு முதலில் வேக வேண்டும்; அப்பளத்தை இலை போட்ட பிறகு பொரித்தால் போதும். வளைந்த கால் எலும்பை நேராக்கினால் மாவுக்கட்டு, பிறகு நடைப்பயிற்சி என்று மாதங்கள் பிடிக்கும். தீத்தழும்பை விடுவித்துத் தோல் ஒட்டினால் கட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாடைக் கட்டியை நீக்கி டைட்டானியத் தகடு வைத்தவருக்குச் சில மாதம் கழித்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பைப் பொருத்த வேண்டிவரும். இவையெல்லாம் பத்து மாதத்தின் முற்பகுதியில் வர வேண்டியவை. குடலிறக்கமும் கண்புரையும் சீக்கிரம் ஆறும்; பின்னால் வைத்தாலும் கெடாது.

எனவே யாருக்கு முதலில் தேதி கிடைக்கிறது என்பதை வரிசையில் முன்னால் நின்றவர் தீர்மானிப்பதில்லை. இதை விளக்குவதும் தொண்டர் வேலை. தேதி எழுதிய அட்டையைக் கொடுக்கும்போது எங்கே வர வேண்டும், கூட யார் வரலாம், என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: இல்லை என்று சொல்வது

சமையல் ஒப்புமை இந்த இடத்தில் பாதியில் நின்றுவிடுகிறது. பந்தியில் இடம் கிடைக்காதவர் அடுத்த பந்தியில் உட்காரலாம்; இங்கே பலருக்கு அடுத்த பந்தி இல்லை. அதனால் "இல்லை" என்பதை எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். வரிசையிலிருந்து தள்ளி, உட்கார வைத்து, கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். "பார்க்கலாம்", "அடுத்த மாதம் வாங்க" என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் மறுபடி கடன் வாங்கிப் பேருந்து ஏறும். இரக்கம் என்று நினைத்துச் செய்யும் கொடுமை அது.

தேர்வு செய்யப்படாதவர்கள் விரும்பினால் பக்கத்திலேயே ஜெபிக்க ஆள் இருக்கும். சியரா லியோனில் முஸ்லிம்களே பெரும்பான்மை. எந்த மதம் என்று பார்த்துச் சிகிச்சை தருவதில்லை, ஜெபமும் கட்டாயமில்லை. குணப்படுத்த முடியாத நோயாளிகளுக்கு வலி தணிக்கும் பராமரிப்புத் திட்டமும் நடந்திருக்கிறது.

அன்று மாலை தொண்டர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் வந்த கூட்டத்தைப் பற்றித்தான். ஒருங்கிணைப்பாளர் பார்க்கும் கணக்கு வேறு: இன்று கொடுத்த அட்டைகளில் எத்தனை பேர் குறித்த தேதியில் அறுவை மேசைக்கு வந்து, கப்பல் புறப்படுமுன் ஆறிய காயத்தோடு வீடு போய்ச் சேர்கிறார்கள்? அந்த விடை வர மாதங்கள் ஆகும். அதைக் கூட்டிக் குறைப்பது அறுவை நிபுணரின் கைத்திறன் மட்டுமில்லை, வாசலில் பொறுமையாகக் கேட்கப்பட்ட "எத்தனை வருஷமா இருக்கு?" என்ற கேள்வியும்தான்.