குட்டியைத் தூக்குமுன்…



எங்க ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். போன லீவில் ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கப் போனேன். வெடுக்கென்று கடித்துவிட்டது. "மஞ்சள் வை, சுண்ணாம்பு தடவு" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அம்மா மட்டும் சோப்போடு குழாயடிக்கு இழுத்துப் போனாங்க. அதுதான் சரியான முதலுதவி என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

நாயைக் காப்பாற்ற இரக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேணும். அடிபட்ட நாய் வலியிலும் பயத்திலும் கடிக்கும். அதனால் பக்கவாட்டில் மெதுவாக நெருங்கி, கெட்டியான சாக்கையோ போர்வையையோ போர்த்தித் தூக்கணும்.

கடித்துவிட்டால்? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவணும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்கணும். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் மருந்தும் உண்டு. வெறிநோய் அறிகுறி வந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது. அடிக்கடி நாய்களைக் கையாளுபவர்கள் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

வளர்ப்பவர்களுக்கும் பாடம் உண்டு. குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். கருத்தடையும் அவசியம். 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடையை ஆரம்பித்தது. கொல்வதால் குறையாத கூட்டம் இதனால் குறையும் என்பதே அதன் கணக்கு.

என்னைக் கடித்த குட்டி இப்போ எங்க வீட்டுக் காவல்காரன். ஊசியெல்லாம் போட்டாச்சு, அவனுக்கும் எனக்கும்!