விபத்து வண்டி சல்லிசா கிடைக்குதா? ஆர்.சி.யை பார்த்து வாங்குங்க!

கொடைக்கானல்:
பூம்பாறையில் இருந்து வடுகபட்டி சந்தைக்கு பூண்டு மூட்டை ஏற்ற சொந்த வண்டி இருந்தால் வாடகை மிச்சம். புது வண்டிக்கு பணம் புரட்ட முடியாதவர்கள், விபத்தில் நொறுங்கி, தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்த வண்டியை தேடுகிறார்கள். விலை சல்லிசுதான். வில்லங்கம்?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமை பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். நம்ம ஊர் ஆர்.சி.யில் அப்படி எதுவும் இருக்காது. ஏமாறுவது இங்கேதான்.

ரிப்பேர் செலவு, இன்சூரன்சில் போட்ட வண்டி மதிப்பில் 75 சதவீதத்தை தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. ஓனருக்கு கிளைம் பணம் வந்துவிடும். உடைந்த வண்டி ஏலத்தில் போகும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் இப்படி ஏலம் போனவைதான். பெயர் மாற்றாவிட்டால் ஆர்.சி. பழைய ஓனர் பெயரிலேயே கிடக்கும். அந்த சேசிஸ் நம்பரை திருட்டு வண்டியில் பொறித்து விற்கும் கும்பல்களும் உண்டு. போலீஸ் பிடித்தால் வண்டியும் போச்சு, பணமும் போச்சு.

அதனால் 'பரிவாகன்' இணையதளத்தில் ஓனர் பெயர், கடன் பாக்கியை பாருங்கள். சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகணும். சேசிஸ் வளைந்திருக்கா என்று மெக்கானிக்கை வைத்து பார்ப்பதும் முக்கியம். கொண்டை ஊசி வளைவில் லோடோடு இறங்குகிற வண்டியாச்சே!

விற்றவரும் நிம்மதியாக இருக்க முடியாது. பெயர் மாற்றாத வண்டி யார் மீதாவது மோதினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது. படிவம் 29, 30-ல் கையெழுத்து போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கணும். ஓட்டவே லாயக்கில்லாமல் போன வண்டி என்றால், 14 நாளுக்குள் தகவல் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைப்பது சட்டப்படி ஓனர் வேலை.