ஊர்காவற்றுறைப் பெண்களும் அரவிந்த் சாமியும்

அரவிந்த் சாமி என்ற பெயரைச் சொன்னால், இன்று ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். முப்பது வருடங்கள் கழிந்தும் அந்த வெட்கம் போகவில்லை. 1990இல் ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்த பெண் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. என் வயதுக்காரிகள் பலர் அந்த நடிகரை ஒரு காலத்தில் உண்மையாகவே விரும்பினோம். பகிடியாகக் கதைத்து விட்டுவிடலாம்தான். ஆனால் போருக்குள் வளர்ந்த பிள்ளைகளின் மனதில் ஒரு சினிமாக்காரர் ஏன் அவ்வளவு இடம் பிடித்தார் என்பதை விளங்கிக்கொள்ளாமல், கொரிய நடிகர்களின் படங்களைப் போனில் சேர்த்து வைத்திருக்கும் இன்றைய பிள்ளைகளை ஏசுவது சரியாகப் படவில்லை.

தியேட்டரில் படம் பார்ப்பது தீவுப் பெண்களுக்குப் பெரும்பாடு. பஸ் ஏறி, வேலணை, அல்லைப்பிட்டி கடந்து, பண்ணை வழியாக யாழ்ப்பாணம் போகவேண்டும். வின்சர், ராணி, ராஜா, மனோகரா, ஸ்ரீதர் என்று பெயர்கள் எல்லாம் தெரியும். ஆனால் தகப்பனோ தமையனோ கூட்டிப்போனால்தான் உண்டு. எங்களுக்குச் சினிமா வந்து சேர்ந்தது வீட்டுக்குத்தான். 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. அதைவிட எங்களுக்கு முக்கியம் தூரதர்ஷன். உயரமான குழாயில் அன்ரனாவைக் கட்டி இந்தியப் பக்கம் திருப்பி வைத்தால் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தெரியும், ஞாயிற்றுக்கிழமை படம் தெரியும். காற்று அடித்தால் ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்ப, உள்ளே இருப்பவர்கள் “காணும், காணும்” என்று கத்துவார்கள். மத்திய கிழக்கில் உழைத்தவர்கள் டெக் கொண்டுவந்தபோது கசெற்றும் வந்தது.

டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வருகிறவர், பார்ப்பவரின் வீட்டுக்குள் வந்து நேரே முகம் பார்த்துக் கதைப்பதுபோல் இருப்பதால், பார்ப்பவருக்கு அவர் பழகிய ஆளாகி விடுகிறார் என்றார்கள். பழக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான். அவருக்கு உங்களைத் தெரியாது. தமிழில் இதை ஒருபக்க உறவு என்று சொல்லலாம். முக்கியமாக, அவர்கள் இதை நோய் என்று சொல்லவில்லை. சாதாரண மனிதப் பழக்கத்தின் தொடர்ச்சி என்றே பார்த்தார்கள். நிஜ உறவுகளின் இடத்தை முழுவதும் அது பிடித்துக்கொண்டால்தான் சிக்கல் என்றார்கள்.

தியேட்டரில் நடிகர் கூட்டத்துக்குச் சொந்தம். எம்.ஜி.ஆருக்கும் ரஜினிக்கும் விசிலடித்த பெடியள் ஒன்றாகத்தான் விசிலடித்தார்கள். வீட்டில் பதினான்கு அங்குலத் திரையில் வருகிறவர் வீட்டு ஆட்களைவிடச் சிறியவர். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் உங்களைப் பார்ப்பதில்லை. பெண் பிள்ளை ஓர் ஆணின் முகத்தை நிமிர்ந்து, நேரம் எடுத்து, ஆசையாகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் எங்கள் வீடுகளில் அதுதான் என்பேன்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியது. ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. நாங்கள் குடாநாட்டின் மற்றப் பக்கத்தில் வேறொருவர் வீட்டில் இரண்டு அறைகளில் இருந்தோம். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். அந்த நிலையிலும் படம் பார்த்தோம் என்றால் வெளியில் உள்ளவர்கள் நம்பமாட்டார்கள். ஜெனரேற்றர், ரீவி, டெக் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, பல வீட்டார் காசு சேர்த்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். துளிப் பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். பொம்பர் வந்தால் வெளிச்சம் தெரியக்கூடாதென்று யன்னல்களைப் போர்வையால் மூடுவார்கள். வேர்வையும் மண்ணெண்ணெய்ப் புகையும் சேர்ந்த அந்த அறையில்தான் நான் ‘ரோஜா’ பார்த்தேன்.

1992இல் வந்த அந்தப் படத்தின் அரசியல் எங்களுக்கு ஒட்டாது. எரியும் இந்தியக் கொடியின் மேல் நாயகன் விழுந்து அணைக்கும் காட்சிக்கு இந்தியாவில் கைதட்டினார்கள். எங்கள் ஊரைவிட்டு இந்தியப் படை போனது 1990 மார்ச்சில். அதற்குள் அந்தக் கொடியைப் பார்த்துக் கண்கலங்க எங்களால் முடியவில்லை. அந்த இடத்தில் கிழவர்கள் எழும்பி வெற்றிலை போடப் போனார்கள்.

ஆனால் மற்றக் கதை எங்களுடையது. ஒருவனைக் கொண்டுபோகிறார்கள். அவனுடைய இளம் மனைவி, அந்த ஊர்ப் பாஷை தெரியாதவள், இராணுவ அதிகாரியிடமும் மந்திரியிடமும் போய்த் தமிழில் கெஞ்சுகிறாள். சிங்களம் தெரியாமல் முகாம் வாசலில் நின்ற தாய்மாரைக் கண்ட பிள்ளைகளுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். படத்தில் அவன் திரும்பி வருகிறான். கடைசிக் காட்சியில் காயங்களோடு நடந்து வருகிறான்.

அரவிந்த் சாமியின் நிறத்துக்கும் சிரிப்புக்கும் நாங்கள் மயங்கவில்லை என்று சொல்லவரவில்லை. நன்றாகவே மயங்கினோம். பழைய சினிமாப் புத்தகத்தில் வெட்டிய அவருடைய படம் என் இரசாயனவியல் கொப்பியின் உறைக்குள் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் வெளிக்கிட்டபோது அந்தக் கொப்பியும் தென்மராட்சிக்கு வந்தது. ஆனால் அழகான நடிகர்கள் எங்களுக்கு அதற்கு முன்னும் இருந்தார்கள். இவர் நின்றதற்குக் காரணம், என் கணிப்பில், அந்தத் திரும்பி வந்த நடைதான். எங்களைச் சுற்றியிருந்த ஆண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சிலர் இயக்கத்துக்கு, சிலர் கொழும்புக்கு, வசதியுள்ளவர்கள் வெளிநாட்டுக்கு. இராணுவம் குடாநாட்டைப் பிடித்த பிறகு, 1996இல் மட்டும் யாழ்ப்பாணத்தில் சுமார் 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிந்தது. ரியூசன் வகுப்பில் ஒரு பெடியனைப் பிடித்துப்போய் அவனை நினைப்பதென்றால், அவனை இழக்கவும் ஆயத்தமாக இருக்கவேண்டும். கசெற்றுக்குள் இருந்த ஆளை யாரும் சுற்றிவளைத்துப் பிடிக்கமுடியாது.

2009இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள் செய்த ஆய்வு இதற்குக் கிட்ட வருகிறது. மனதுக்கு நெருக்கமான தொலைக்காட்சி நிகழ்ச்சியை நினைக்கும்போது தனிமை உணர்வு குறைகிறது, ஒட்டி இருக்கிறோம் என்ற உணர்வு உண்மையாகவே கிடைக்கிறது என்று ஜேய் டெரிக் குழுவினர் கண்டார்கள். அவர்கள் ஆய்வு செய்தது அமைதியான ஊர்களின் மனிதர்களை. எங்களைக் கேட்டிருந்தால் இன்னும் கூடச் சொல்லியிருப்போம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்களில் பலர் கடைசியில் கலியாணம் கட்டியது புகைப்படத்தைத்தான். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ ஒரு படம் வரும். பிறகு கடிதம், எப்போதாவது குரல் பதிந்த கசெற். அவரை வைத்து ஒரு வருடம், இரண்டு வருடம் மனதில் ஓர் ஆளைக் கட்டுவோம். பிறகு கொழும்பில் ஏஜென்சிக்காரனை நம்பி ஏறுவோம். இறங்கும் இடத்தில் நிற்பவர் படத்தில் இருந்தவரைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அரவிந்த் சாமி மாதிரி மாப்பிள்ளை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதால்தான் குடும்பங்களில் ஏமாற்றம் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். முகம் தெரியாத ஆளைப் படத்தில் பார்த்துக் காதலிக்கும் பயிற்சியை எங்களுக்குத் தந்தது சினிமா மட்டும் இல்லை.

அந்த நடிகர் பிறகு சினிமாவை விட்டுப் பல வருடங்கள் விலகி இருந்தார். 2013இல் ‘கடல்’ படத்தில் வந்தார், 2015இல் ‘தனி ஒருவன்’ படத்தில் வில்லனாக வந்தார். 2024இல் ‘மெய்யழகன்’ வந்தது. சொத்துத் தகராறில் வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போனவர், இருபது வருடங்களுக்கு மேல் கழித்து ஒரு கலியாண வீட்டுக்காகத் திரும்பி வரும் கதை. ஸ்காபரோவில் இருக்கும் என் பள்ளித் தோழி பார்த்துவிட்டு அழைத்தாள். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். நடிகரைப் பற்றிக் கதைத்தது ஐந்து நிமிடம். மிச்சம் முழுவதும் அவளுடைய வேலணை வீட்டைப் பற்றித்தான்.

இன்றைய பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். இப்போது ஊர்காவற்றுறையில் படம் பார்க்க ஜெனரேற்றர் தேவையில்லை, காசு சேர்க்கத் தேவையில்லை. போர்வைக்குள் போன் போதும். நாங்கள் இருபது பேர் நடுவே ஒளித்து விரும்பினோம். இவர்கள் தனியே இருந்து விரும்புகிறார்கள். அந்தத் தனிமையைத்தான் நான் கவனிப்பேன், கொரியனையோ அவன் தலைமயிர் நிறத்தையோ அல்ல. பிள்ளை சாப்பிடுகிறதா, நித்திரை கொள்கிறதா, பள்ளிக்கூடத் தோழிகளோடு அந்த நடிகரைப் பற்றிச் சிரித்துக் கதைக்கிறதா என்று பாருங்கள். இவை நடந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாம் நின்றுபோய்ப் போன் மட்டும் மிஞ்சினால், ஏச்சுக்கு முன் ஒரு கதை தேவை.

எங்கள் காலத்தில் இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. அரவிந்த் சாமி எங்களுக்குப் பதில் எழுதவில்லை. இன்று நடிகரின் பெயரில் யாரோ பதில் எழுதுகிறார்கள். பிராட் பிட் என்று நடித்த மோசடிக்காரர்களிடம் ஒரு பெண் 8 இலட்சத்து 30 ஆயிரம் யூரோ இழந்த கதையை 2025 ஜனவரியில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. நடிகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதுபோல் படங்களைச் செய்து அனுப்பியிருந்தார்கள். அவர் வளர்ந்த பெண், உலகம் தெரிந்தவர். வெளிநாட்டிலிருந்து அண்ணனோ சித்தியோ அனுப்பும் காசில் வாழும் வீடுகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. எந்த நடிகரும் இரசிகையிடம் காசோ, படமோ, வங்கி இலக்கமோ கேட்கமாட்டார். அப்படி ஒரு செய்தி வந்தால் பிள்ளை அதை முதலில் தாயிடம் கொண்டுவந்து காட்டவேண்டும். அந்த நடிகரின் பெயரைச் சொன்னதற்கே போனைப் பறித்து அடித்த வீட்டில் எந்தப் பிள்ளையும் காட்டாது.